உள்ளப் புண் ஆற்றிய மருத்துவர்

உடம்பிற் புண்பட்டவனைக் கண்டால் ஊரார் ஓடி வருவர், குருதியைத் துடைப்பர், கட்டுக் கட்டுவர், மருத்துவமனைக்குக் கொண்டு செல்வர். உள்ளத்திற் புண்பட்டவனுக்கு யாது செய்வதென்று பலர்க்கும் தெரிவதில்லை. கண்ணெதிரே தோழன் மாண்டதைக் கண்டவன், எரியும் கூரையினின்று தான் மட்டும் தப்பியவன், வெடித்துச் சிதறிய தொழிற்சாலையிலிருந்து உயிரோடு மீண்டவன் ஆகியோர் உடம்பிற் கீறல் ஒன்றும் இன்றி இருத்தல் கூடும். ஆயினும் அவர்கள் நள்ளிரவில் அலறி எழுவர். சிறு ஓசைக்கும் நடுங்குவர். உண்ணவும் உரையாடவும் மனமின்றி ஒடுங்குவர். சுற்றத்தாரோ, அன்பு மிகுதியால், நடந்ததை மறந்துவிடுமாறு அறிவுரை கூறுவர். அவ்வறிவுரை நோயைத் தணிக்கின்றதா, வளர்க்கின்றதா? இவ்வினாவை எழுப்பி, நோயாளரின் அருகிருந்து விடை தேடியவர்களுள் தலையாயவர் வில்லியம் ரிவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். நம் நீலகிரி மலையிலும் சில திங்கள் வாழ்ந்த பெருமகனார் அவர்.

ரிவர்ஸ் 1864ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் இங்கிலாந்தின் கெண்டு மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமய குருமார்களுள் ஒருவர். திக்குவாய் உடையார்க்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதிலும் பெயர் பெற்றவர். தாய்மாமனாராகிய ஜேம்ஸ் ஹண்ட் என்பாரும் அக்கலையில் வல்லவர். இத்தகைய குடியிற் பிறந்த ரிவர்ஸுக்கே பேச்சுத் திக்கியது! பிறர் நாவைத் திருத்திய தந்தையால் மகனுடைய நாவை முற்றும் திருத்த இயலவில்லை. அக்குறை வாழ்நாள் முழுதும் அவரைவிட்டு நீங்கவில்லை. ஆனால், சொல் எளிதில் வாராத துன்பம் இன்னதென்பதைத் தம் நாவிலேயே உணர்ந்த ஒருவர், பிற்காலத்தில் சொல்லெழாது தவித்த வீரர்களுக்கு மருத்துவராய் வாய்த்தார் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

பள்ளிப் பருவத்தில் கடுங்காய்ச்சல் கண்டமையால், கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்துக்குரிய உதவித்தொகைத் தேர்வை அவர் எழுதக் கூடவில்லை. எனவே இலண்டன் மாநகரத்துப் பர்த்தலோமியூ மருத்துவமனையிற் சேர்ந்து மருத்துவம் பயின்றார். 1886இல், இருபத்திரண்டாம் வயதில், பட்டம் பெற்றார். சிலகாலம் கப்பல் மருத்துவராய்க் கடல் கடந்து சப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளைக் கண்டார். பின்னர் நரம்பு நோய்க்குரிய மருத்துவமனையிற் பணியாற்றி, 1893இல் கேம்பிரிட்ஜில் ஐம்பொறிகளின் இயல்பைக் கற்பிக்கும் விரிவுரையாளர் ஆனார். மாணவராய்ப் புகமுடியாத பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய்ப் புகுந்தார்.

1898இல் ஆடன் என்னும் அறிஞரின் தலைமையில் ஒரு குழு, ஆத்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடைப்பட்ட டோரசு நீரிணைத் தீவுகளுக்குச் சென்றது. தீவினரின் பார்வை, கேள்வி முதலியவற்றை அளந்தறியும் பொறுப்பு ரிவர்ஸுக்கு வாய்த்தது. கருவிகளோடு சென்ற அவர், அவற்றினும் மேலான கருவி ஒன்றைக் கண்டுகொண்டார். ஒருவரிடம் அவருடைய தாய் யார், தந்தை யார், அவர்தம் உடன்பிறந்தார் எவர், அவர்கள் எங்கு மணந்தனர், எங்கு மாண்டனர் என்று பொறுமையோடு கேட்டு எழுதிக்கொண்டே சென்றால், ஓர் ஊரின் வாழ்வு முழுதும் விரிந்து தோன்றும் என்று அறிந்தார். இக்குலமுறைக் கிளத்தல் பின்னர் மானிடவியலில் நிலைபெற்ற முறையாயிற்று. கேட்டலே அவருடைய கருவி எனலாம்.

அக்கருவியோடு அவர் 1901-1902இல் நம் நீலகிரிக்கு வந்தார். தோடர்கள் அக்காலத்தில் எண்ணூறு பேரளவில் இருந்தனர். எருமைகளே அவர்தம் செல்வம். பாற்கோயில்களே அவர்தம் திருக்கோயில்கள். மொழிபெயர்ப்பாளர் துணையோடு மந்துகள் தோறும் சென்று, ஏறத்தாழ அக்குலத்தார் அனைவருடைய வழிமுறையையும் ரிவர்ஸ் எழுதினார். 1906இல் வெளிவந்த அவருடைய பெருநூல் தோடரைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்கு இன்றளவும் அடிப்படையாய் உள்ளது.

அம்மலையில் அவர் கண்ட இரு செய்திகள் நம் பொருளுக்கு உரியவை. ஒன்று, தோடரின் இழவுச் சடங்கு. இறந்தாரை எரியூட்டிய பின்னரும், நாள் பல கழித்து இரண்டாம் முறை ஊர் கூடித் துயர் கொண்டாடுவது அவர்தம் மரபு. அப்பொழுது இருவர் இருவராய் எதிரெதிர் அமர்ந்து, நெற்றியோடு நெற்றி பொருந்த வைத்து அழுவர். தனியே அழுவார் ஒருவரும் இலர். மற்றொன்று, ரிவர்ஸுக்கே நேர்ந்த இடர். சடங்குகளின் மறைபொருளைத் தமக்குரைத்த தோடருள் ஒருவர் நோயுற்றார். மற்றொருவர் மனைவியை இழந்தார். இன்னும் சில தீங்குகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. மறைபொருளை வெளியிட்டமையால் தெய்வம் சினந்தது என்று குறிசொல்வோர் கூறினர். அதன்பின் பலர் வாய் திறக்க மறுத்தனர். அச்செய்தியை ரிவர்ஸ் மறைக்காமல் தம் நூலிலேயே எழுதி வைத்தார். பிறருடைய உள்ளத்தைத் திறக்கச் செய்பவன், திறந்தவர்க்கு நேரும் இடுக்கணையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது அவர்க்கு இளமையிலேயே புலனாகியிருக்கும். தோடரிடம் கற்றதே பின்னாளில் அவருடைய மருத்துவமாயிற்று என்று கூறச் சான்று இல்லை. அவ்வாறு கூறுதல் மிகையாகும். ஆயினும் நெற்றியோடு நெற்றி வைத்தழும் மக்களைக் கண்ட கண்கள் அவை.

அடுத்து அவர் செய்த ஆராய்ச்சி வியப்புக்குரியது. அறுபட்ட நரம்பு மீண்டும் வளருங்கால் உணர்ச்சி எவ்வாறு திரும்புகின்றது என்பதை அறிய, அவருடைய நண்பர் என்றி எட் என்னும் மருத்துவர் தம் முன்கை நரம்பையே அறுத்துக்கொள்ள முன்வந்தார். 1903 ஏப்பிரல் 25ஆம் நாள் அறுவை நிகழ்ந்தது. அதன்பின் நான்காண்டுக்கு மேலாக, வார இறுதிதோறும் எட் கேம்பிரிட்ஜுக்கு வந்து கண்ணை மூடி அமர்வார். ரிவர்ஸ் ஊசியாலும் மயிரிழையாலும் குளிர்ந்த பொருளாலும் வெம்மையான பொருளாலும் அக்கையைத் தொட்டுத் தொட்டுக் குறிப்பெழுதுவார். ஆறும் புண் தனக்கென ஒரு காலத்தை வகுத்துக்கொள்ளும். அதனை விரைவுபடுத்தல் இயலாது.

1914இல் முதல் உலகப் பெரும்போர் மூண்டது. அப்பொழுது ரிவர்ஸ் தென்கடல் தீவுகளின் பக்கம் ஆராய்ச்சியில் இருந்தார். மறு ஆண்டு தாயகம் திரும்பினார். போர்க்களத்தினின்று புதுவகை நோயாளர் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தனர். சிலர் கண் இருந்தும் காணார். சிலர் நா இருந்தும் பேசார். சிலர்க்குக் கால் நடவாது. சிலர் உறங்கினால் அலறுவர். குண்டு வெடித்த அதிர்ச்சியால் மூளை கலங்கியது என முதலிற் கருதி, இதனைக் குண்டதிர்ச்சி நோய் என்றனர். குண்டு வெடிக்கும் இடத்துக்கு அணுகாதார்க்கும் இந்நோய் வந்தமையால் அக்கருத்து நிலைபெறவில்லை. அப்போரில் பிரித்தானியப் படையில் மட்டும் ஏறத்தாழ எண்பதாயிரவர் இந்நோய்க்கு மருத்துவம் பெற்றனர் என்பர்.

படைத்தலைவர் பலர் இதனைக் கோழைமை என்றே கருதினர். களத்தை விட்டகன்றமைக்காகவும் கோழைமைக்காகவும் தம்மவராலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிரித்தானியப் படைவீரர் முந்நூற்றுவர்க்கு மேற்பட்டவர். அவருள் உள்ளம் நொந்து நிலைகுலைந்தவர் எத்துணையர் என்பதை இன்று யாரே அறிவார்? 2006இல்தான் அந்நாட்டு அரசு அவர்களுக்குப் பொது மன்னிப்பு வழங்கிற்று. மருத்துவருள்ளும் சிலர் மின்சாரத்தைப் பாய்ச்சி ஊமையரைப் பேசவைக்க முயன்றனர். ஏனையோர், நடந்ததை நினையாதே, இனியவற்றையே நினை என்று கூறி அனுப்பினர். தீமை செய்ய வேண்டும் என்று அவருள் எவரும் எண்ணவில்லை. கற்பிக்கப்படாமையே குறை. எலும்பு முறிவுக்கும் குருதிப் பெருக்குக்கும் மருத்துவக் கல்லூரியில் பாடம் இருந்தது; அச்சத்தால் முறிந்த உள்ளத்துக்குப் பாடம் இல்லை.

அப்பாடத்தை நடத்திய இடம், இலிவர்ப்பூல் நகரை அடுத்த மகல் என்னும் சிற்றூரில் இருந்த படை மருத்துவமனை. உரோசு என்னும் மருத்துவர் அதன் தலைவர். 1915 ஜூலையில் ரிவர்ஸ் அங்குச் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தொன்று; உலகறிந்த பேரறிஞர். ஆயினும் அங்கு அவர் மாணவரே போல அமர்ந்தார். மருத்துவர்கள் அனைவரும் நாள்தோறும் கூடுவர். நோயாளர் கண்ட கனவுகளை ஆராய்வர். உள்ளத்தில் ஒன்றோடொன்று மோதும் எண்ணங்களைப் பற்றி வாதிடுவர். ஒருவர் செய்த மருத்துவத்தை மற்றவர் வினவித் திருத்துவர். போரின் பிற்பகுதியில் படை மருத்துவர்கள் அங்கு அனுப்பப்பட்டு, இம்முறையில் முறையாகப் பயிற்சி பெற்றனர். துயருற்றார் அருகிருந்து கேட்டல் இரக்கமுடையார் எவர்க்கும் தானே வந்துவிடும் என்று எண்ணுகின்றோம். வீணை மீட்டலைப் போன்று அதுவும் பயின்று வருவது என்பதை மகல் காட்டிற்று.

1916 அக்டோபரில் ரிவர்ஸ், எடின்பரோ நகரத்தை அடுத்த கிரேக்லாக்கார்ட்டு என்னும் மருத்துவமனைக்கு மாற்றப்பெற்றார். அது படை அதிகாரிகளுக்கென அமைந்தது. எளிய வீரர்க்கு ஊமைமை வருதலும், அதிகாரிகளுக்குத் திக்குவாயும் தீராக் கவலையும் வருதலும் மிகுதி என்பதை ரிவர்ஸ் கண்டார். ஆணையிடுவோன் அச்சத்தைக் காட்டலாகாது என்று பள்ளியிலிருந்தே பழக்கப்பட்டவர் அவ்விளைஞர்கள். பகலெல்லாம் அச்சத்தை அடக்கி அமுக்குவர். அமுக்கிய அச்சம் இரவில் கனவாய் வந்து கழுத்தைப் பிடிக்கும். அவர்கள் முன் திக்கித் திக்கிப் பேசும் மருத்துவர் ஒருவர் அமர்ந்தார். அஞ்சுதல் இழிவன்று, இயற்கையே என்று அவர்களுக்குப் பொறுமையோடு உணர்த்தினார்.

அவர் மருத்துவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இளைய அதிகாரி ஒருவர் தம் நண்பரைத் தேடிச் சென்று, குண்டினால் உருக்குலைந்த அவர் உடலைக் கண்டார். அது முதல் அக்காட்சி இரவுதோறும் கனவில் வந்து வருத்தியது. பிறர் கூறியவாறே அவர் பகல் முழுதும் அதனை நினையாதிருக்கப் பாடுபட்டார். இரவு நெருங்க நெருங்க நடுங்கினார். ரிவர்ஸ் அவரை அந்நினைவை விட்டு ஓடச் சொல்லவில்லை. ஓடாது நின்று அதனை நோக்குமாறு செய்து, அதில் அவர் காணத் தவறிய ஒன்றைச் சுட்டினார். உடல் அவ்வாறு சிதைந்தமையே, நண்பர் நொடிப்பொழுதில் வலியறியாது மாண்டார் என்பதற்குச் சான்று என்றார். களத்தில் நெடுநேரம் துடித்து மாண்டாரைக் கண்டிருந்த அவ்விளைஞர் முகம் அதுகேட்டுத் தெளிந்தது. சில இரவுகள் கனவின்றிக் கழிந்தன. பின்னர் ஒரு கனவு வந்தது. அதில் அவர் நண்பரின் உடலருகே மண்டியிட்டு, அவரோடு பேசினார். விழித்தபோது அச்சம் இல்லை, துயர் மட்டுமே இருந்தது. துயரோ ஆறக்கூடியது.

இம்முறை எல்லார்க்கும் பயன்பட்டதென்று ரிவர்ஸ் பெருமை பேசவில்லை. மற்றோர் அதிகாரிக்கு நேர்ந்த நிகழ்ச்சி, ஆறுதலுக்குரிய சிறு கூறும் இல்லாத கொடுமையாய் இருந்தது. அங்கே நினைவை நோக்கச் சொல்வதால் பயனில்லை என்று கண்டு, படைப்பணியை விட்டு அமைதியான நாட்டுப்புறத்துக்குச் செல்லுமாறு அவர்க்கு அறிவுரை கூறினார். 1917 திசம்பரில் மருத்துவச் சங்கத்தின்முன் ஆற்றிய விரிவுரையில் வென்ற செய்தியோடு வெல்லாத செய்தியையும் எடுத்துரைத்தார். கொடிய நினைவை அடியோடு அமுக்குதலும் தீது. ஓயாது அதனையே கிளறிக்கொண்டிருத்தலும் தீது. இவ்விரண்டுக்கும் நடுவண் ஆளுக்கேற்ற வழியைத் தேர்தல் மருத்துவனின் கடமை என்பது அவ்விரிவுரையின் பிழிவு.

1917 ஜூலையில் சீக்பிரீட் சசூன் என்னும் கவிஞர் அம்மருத்துவமனைக்கு வந்தார். களத்தில் வீரப் பதக்கம் பெற்றவர் அவர். போரை வேண்டுமென்றே நீட்டிக்கின்றனர் என்று வெளிப்படையாய் அறிக்கை விடுத்தவர். அவரைத் தண்டித்தால் ஊர் பேசும் என்று அஞ்சி, நோயாளர் எனப் பெயரிட்டு அனுப்பிவிட்டனர். ரிவர்ஸ் அவரிடம் நோய் ஒன்றும் காணவில்லை. வாரம் மும்முறை மாலைப்பொழுதில் இருவரும் அமர்ந்து பேசினர். இங்கேதான் ரிவர்ஸ் வாழ்க்கையின் பெருஞ்சிக்கல் எழுந்தது. அவர் மருத்துவர், படை அதிகாரியும் ஆவார். நோயாளரை நலமுறச் செய்தல் அவர் கடன். நலமுற்றவர் செல்லுமிடமோ, நோய் பிறந்த அதே பதுங்கு குழி! மகன்போற் போற்றிய இளைஞரைச் சாவின் வாய்க்கே செப்பனிட்டு அனுப்புகின்றோமா என்னும் எண்ணம் அவரை வாட்டியது. சசூனுடைய வாதங்கள் அவர் உள்ளத்தையும் அசைத்தன. தம் கனவுகளையே ஆராய்ந்து அப்போராட்டத்தை எழுதிவைத்தார். களத்தில் விட்டுவந்த தம் வீரர்களைக் கைவிட மனமின்றிச் சசூன் நவம்பரில் மீண்டும் படைக்குச் செல்லத் துணிந்தார். 1918 ஜூலையில் தலையிற் குண்டடிபட்டு உயிர்பிழைத்தார். இலண்டன் மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றவருள் ரிவர்ஸும் ஒருவர்.

இச்சிக்கலை ரிவர்ஸ் எவ்வாறு தீர்த்தார் என்று மாணவர் வினவலாம். தீர்க்கவில்லை, தாங்கினார். இரவுபகல் பிறர் துயரைக் கேட்டமையால் அவரும் களைத்து, இடையில் விடுப்புப் பெற்று ஓய்வு கொள்ள நேர்ந்தது. துயர் துடைப்போர்க்கும் துயர் தொற்றும் என்பதும் இத்துறையில் பயில்வோர் அறிய வேண்டுவதே. பின்னர் இலண்டனில் விமானப் படையினர்க்குரிய மருத்துவமனைக்கு மாறியபோது, விமானிகளின் அச்சத்தை நூலால் அறிதல் போதாதென்று தாமும் வானூர்தியில் ஏறிப் பறந்தார்.

போர் ஓய்ந்தபின் அவர் முறைகள் படையோடு நில்லாமல் பொதுவாழ்விலும் பரவின. கலவரம், தீ, வெள்ளம், நிலநடுக்கம், தொழிற்சாலை வெடிப்பு முதலியவற்றில் உயிர்தப்பியோர்க்கு உதவுவோர்க்கெல்லாம் பயிற்சி வேண்டும் என்னும் கருத்து இந்நூற்றாண்டில் வலுப்பெற்றுள்ளது. நம் தமிழகத்தில் 2004ஆம் ஆண்டு மறக்கவொண்ணாதது. எம் ஊராகிய தென்னூரினின்று காவிரிப் பாலம் கடந்தால் திருவரங்கம்; அங்கு அவ்வாண்டு சனவரியில் திருமணப் பந்தல் தீப்பற்றி ஐம்பதின்மர்க்கு மேல் மாண்டனர். ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளித் தீ 94 குழந்தைகளைக் கொண்டது. திசம்பர் 26இல் ஆழிப்பேரலை கடற்கரை ஊர்களை வாரியது. அப்பேரலைக்குப் பின்னர்ப் பெங்களூர் நிமான்சு நிறுவனத்து உளமருத்துவர்கள் வந்து, ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், தொண்டர் முதலியோர்க்குத் துயருற்றாரிடம் பழகும் முறையைப் பயிற்றினர். மருத்துவர் சிலர், துன்புற்றோரோ இலட்சக்கணக்கினர். ஆதலின் ஊரிலேயே இருப்போர்க்குக் கற்பித்தல் அன்றி வேறு வழியில்லை.

இப்பயிற்சியில் பிற்காலத்தார் கண்ட திருத்தம் ஒன்றும் உண்டு. இடர் நேர்ந்த உடனே பாதிக்கப்பட்டோர் அனைவரையும் ஒருங்கு கூட்டி, நடந்ததை விரித்துரைக்கச் செய்தல் நலம் தரும் என்று 1980களில் சிலர் கருதினர். பின்வந்த ஆராய்ச்சிகள், ஒருமுறை கூட்டி உரைக்கச் செய்வதால் நோய் தடைப்படுவதில்லை என்றும், சிலர்க்குத் தீங்கும் ஆகலாம் என்றும் காட்டின. உலக நல நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், எவரையும் பேசுமாறு வற்புறுத்தலாகாது என்கின்றது. முதலில் ஆபத்தில்லாத இடம், உணவு, நீர், உறவினர் பற்றிய செய்தி ஆகியவற்றைத் தருக. பேச விரும்பினால் இடைமறியாது கேட்க. தேவைப்படுவோரை மேலுதவிக்கு ஆற்றுப்படுத்துக என்று அது பயிற்றுகின்றது. அமுக்குதலும் தீது, கிளறுதலும் தீது என்ற முதியவர் இதனைக் கண்டிருந்தால் உடன்பட்டிருப்பார் என்றே தோன்றுகின்றது.

அவருடைய இறுதி நாட்களைச் சொல்லாது விட்டோம். போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் தம் அறையை மாணவர்க்குத் திறந்து வைத்தார். முன்னெல்லாம் கூச்சமுற்றுத் தனித்திருந்தவர், இப்பொழுது எவரோடும் கலந்துரையாடும் இயல்பினரானார். கண்ட துன்பத்துக்கு மருந்து மருத்துவமனையில் மட்டும் இல்லை என்று கருதினார் போலும். 1922இல் தொழிற்கட்சியின் சார்பில் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க இசைந்தார். தேர்தல் வருமுன்னரே குடற்பிதுக்கம் திடீரென முற்றி, ஜூன் 4ஆம் நாள் காலமானார். வயது ஐம்பத்தெட்டு.

பதினான்கு ஆண்டு கழித்துச் சசூன் தம் போர்க்கால வாழ்வைக் கதைபோல எழுதியபோது, தம் பெயரையும் மாற்றினார். நண்பர் பெயர்களையும் மாற்றினார். ரிவர்ஸ் என்னும் பெயரை மட்டும் மாற்றாமல் அப்படியே எழுதினார்.